தொல்சின்னத்தில் வழிபாடு: தார் நகர வழக்கும் சட்டம் காட்டும் வழியும்

மத்தியப் பிரதேசத்தின் தார் நகரில், போஜ மன்னன் நிறுவிய சரஸ்வதி ஆலயம் என்று இந்துக்கள் போற்றும் போஜசாலையும், முஸ்லிம்கள் தொழுதுவந்த கமால் மௌலா பள்ளிவாசலும் ஒரே கட்டடமே ஆகும். அது இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள நினைவுச்சின்னம். 2003 ஏப்ரல் 7 அன்று அத்துறை பிறப்பித்த ஆணை, செவ்வாய்தோறும் இந்துக்கள் வழிபடவும், வெள்ளிதோறும் பகல் 1 முதல் 3 மணி வரை முஸ்லிம்கள் தொழவும் இடமளித்தது. வசந்த பஞ்சமிக்கும் இந்துக்களுக்கு அனுமதி இருந்தமையால், அந்நாள் வெள்ளியன்று அமைந்த 2006, 2013, 2016 ஆகிய ஆண்டுகளில் இரு உரிமைகளும் ஒரே பொழுதில் மோதி, நகரில் பதற்றம் மூண்டது.

இத்தகைய பூசல்களில் பெரிதும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது 1991ஆம் ஆண்டின் வழிபாட்டுத் தலங்கள் சட்டமாகும். 1947 ஆகஸ்ட் 15 அன்று ஒரு தலம் எந்தச் சமயத் தன்மையுடன் இருந்ததோ அதுவே தொடரும் என்று அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. ஆயினும், தொல்சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் இடங்களுக்கு அப்பிரிவே விலக்கும் அளிக்கிறது. இவ்விலக்கு எவருக்கும் புதிய உரிமையைத் தந்துவிடவில்லை. மத்திய அரசு பராமரிக்கும் வழிபாட்டுத் தலத்தை அதன் தன்மைக்கு மாறான எதற்கும் பயன்படுத்தலாகாது என 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தடுக்கிறது. அத்தன்மை யாது என்பதே வழக்காக இருக்கும்போது, அதைத் தீர்மானிக்கும் தகுதி நீதிமன்றத்திற்கு உண்டு, திரண்டுவரும் கூட்டத்திற்கு இல்லை.

2024 மார்ச்சில் மத்தியப் பிரதேச உயர்நீதிமன்றம் போஜசாலையில் அறிவியல் ஆய்வுக்கு ஆணையிட்டபோதும், அதன் முடிவின்மீது தன் அனுமதியின்றி நடவடிக்கை கூடாது என்று உச்சநீதிமன்றம் கட்டுப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, வழிபாட்டுத் தலங்கள் குறித்த புதிய வழக்குகளைப் பதிவு செய்யலாகாது எனவும், நிலுவை வழக்குகளில் ஆய்வு உள்ளிட்ட உத்தரவுகளைப் பிறப்பிக்கலாகாது எனவும் அது இடைக்கால ஆணை வழங்கியது.

பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டுகள் வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சமயப் பகையைத் தூண்டுவது பாரதிய நியாய சன்ஹிதாவின்கீழ் தனிக் குற்றம். பரவும் காணொளியை நம்பிக் கூட்டத்தில் சேரும் இளைஞர் இவ்வழக்குகளில் சிக்கினால், அவருடைய படிப்பும் வேலையும் நீண்டகாலம் முடங்கக்கூடும்.

ஒரு சின்னத்தில் எவ்வழிபாடு, எந்நேரத்தில் அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தொல்லியல் துறையிடம் குடிமக்கள் எவரும் எழுத்துமூலம் கேட்டறியலாம். அனுமதித்த வழிபாடு தடைப்பட்டால் கண்காணிப்புத் தொல்லியலாளரிடமும் மாவட்ட ஆட்சியரிடமும் முறையிடலாம். பயனில்லையேல் அரசமைப்பின் 226ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தை நாடலாம். திருநாட்கள் மோதும் ஆண்டுகளில், இரு சமூகத்துப் பெரியவர்களும் பல வாரங்கள் முன்னதாகவே ஆட்சியர் முன் அமர்ந்து, நேரப் பங்கீட்டை எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும்.