மார்கழிக் குளிரில் அடைக்கோழி

கோர்படி, கட்கி, தாபோடி பக்கங்களில் வீட்டுக்குப் பின்னால் நாலைந்து நாட்டுக்கோழி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மார்கழிக் குளிரோடு ஒரு தொல்லையும் சேர்ந்து வருவது உண்டு. நேற்றுவரை முட்டையிட்ட கோழி திடீரென்று கூட்டை விட்டு இறங்காது. கையை நீட்டினால் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். முட்டையை எடுத்துவிட்டாலும் வெறும் தரையில் படுத்தே கிடக்கும். அடைக்கு வந்துவிட்டது என்று நம்மவர் சொல்வதைப் பக்கத்து வீட்டு மராத்தியர் 'குடூக்' என்பார்.

நாட்டுக்கோழி ஆண்டுக்கு 50, 60 முட்டைதான் இடும். அது மூன்று வாரத்துக்கு மேல் வெறுமனே படுத்துக் கிடந்தால் முட்டையும் நஷ்டம், கோழியும் இளைத்துப்போகும்.

ஊரில் இதற்கு வைத்தியம் எல்லோரும் அறிந்ததுதான். கோழியைப் பிடித்துத் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு முக்கு முக்கி, கூடையைக் கவிழ்த்து மூடிவிடுவார்கள். சிலர் அதன் மூக்கிலேயே ஓர் இறகைச் செருகிவிடுவதும் உண்டு. அது வைத்தியமல்ல, வதை. ராமநாதபுரத்து வெயிலில் முக்கிய கோழி சீக்கிரம் உலர்ந்துவிடும். அதே வேலையைப் புனேயில் டிசம்பர் விடியற்காலையில் செய்தால் அடை தெளிகிறதோ இல்லையோ, கோழி முடங்கிவிடும்.

இங்கே குளிர் காலத்தில் இரவு வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்குவது வாடிக்கை. 1935 ஜனவரியில் 1.7 டிகிரி வரை போயிருக்கிறது. உலர்ந்த கோழிக்கு 10 டிகிரி ஒரு பொருட்டல்ல. இறகுகளுக்கு நடுவே தங்கும் காற்றுதான் அதற்குக் கம்பளி. நனைந்தால் கம்பளி போச்சு. அடைக்கோழிக்கு வயிற்றில் இறகு உதிர்ந்து வெறும் தோலாக வேறு இருக்கும்.

வயிற்றுக்குக் கீழே காற்று

அடை என்பது கோழியின் பிடிவாதமல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதால் வருவது. கதகதப்பான கூட்டில் வயிறு படிந்திருக்கும்வரை அது அடங்காது. எனவே நனைக்க வேண்டியதில்லை. வயிற்றுக்குக் கீழே காற்றோட்டம் இருந்தால் போதும்.

அடிப்பக்கம் கம்பிவலை அடித்த பெட்டி ஒன்றைச் செங்கற்களின் மேல் தூக்கிவைத்து, கோழியை அதில் விடவேண்டும். வைக்கோலோ சாக்கோ உள்ளே போடக்கூடாது. பெட்டி வெளிச்சத்தில் இருக்கட்டும். இருட்டில் மூடிவைப்பது அடையைத்தான் வளர்க்கும். தீனியையும் தண்ணீரையும் குறைக்கவே கூடாது. பட்டினி போட்டால் தெளியும் என்பது தவறான எண்ணம். பொழுது சாய்ந்ததும் வாடைக்காற்றில் பெட்டியிலேயே விட்டுவிடாமல், மற்ற கோழிகளோடு கட்டையில் ஏற்றிவிடலாம். மறுபடி கூட்டுக்குள் போய்ப் படுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். முதல் நாளே கவனித்தால் பெரும்பாலும் மூன்று நான்கு நாளில் தெளிந்துவிடும். பத்து நாள் விட்டுவிட்டால் அதற்கேற்ப நாளாகும்.

பண்ணைக்காரர்களுக்கு இந்தக் கவலை இல்லை. வெள்ளை லெகார்ன் இனத்தில் அடைக்கு வராதவற்றையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, அந்தக் குணத்தையே ஏறக்குறைய ஒழித்துவிட்டார்கள். பி.வி. ராவ் 1971இல் புனேயில் தொடங்கிய வெங்கடேஸ்வரா ஹேட்சரீஸ் போன்ற இடங்களில் அடைகாப்பது இயந்திரத்தின் வேலை. கொல்லையில் கோழி வளர்ப்பவருக்கோ கோழியேதான் இயந்திரம். மின்வெட்டு அதற்குக் கிடையாது.

குஞ்சு வேண்டுமென்றால்

இந்தக் குளிரிலும் அடைவைக்க நினைப்பவர்கள் முட்டையின் எண்ணிக்கையில் பேராசைப்படக் கூடாது. வெயில் காலத்தில் 12 வைக்கும் கோழிக்கு இப்போது 8 அல்லது 9 போதும். இறகுக்கு வெளியே நிற்கும் முட்டை இரவில் சில்லிட்டுப்போகும். மறுநாள் கோழி அதை நடுவே உருட்டிவிட்டு வேறொன்றை ஓரத்துக்குத் தள்ளும். இப்படியே பல முட்டைகள் கெட்டுவிடும். சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டையாக இருக்கவேண்டும் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கடையில் வாங்கிய பண்ணை முட்டையை வைத்து 21 நாள் காத்திருந்து ஏமாந்தவர்கள் உண்டு.

ஷஹாபாத் கல் தரையில் கூடையை நேராக வைக்காமல், பலகையோ மடித்த சாக்கோ போட்டு, மேலே உமியும் வைக்கோலும் பரப்பவேண்டும். இடிக்குப் பயந்து இரும்புத்துண்டு, கரி, மிளகாய் வற்றல் வைக்கும் வழக்கத்தால் கெடுதல் இல்லை. புனேயில் மார்கழி இடி அபூர்வம்.

முக்கியமானது கோழி இரைக்கு இறங்கும் நேரம். விடியலில் திறந்துவிட்டால் முட்டை குளிர்ந்துபோகும். இங்கே மார்கழியிலும் நடுப்பகலில் 28, 30 டிகிரி வெயில் உண்டு. ஆகவே பன்னிரண்டு, ஒரு மணிக்கு இறக்கிவிட்டு, தின்று, சாம்பலில் புரண்டு, கால் மணி நேரத்தில் திரும்பும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஏழாம் நாள் இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்து, நரம்பு ஓடாத முட்டைகளை எடுத்துவிடலாம்.

குஞ்சுகளுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும். தாயின் இறகுக்கடியில் அது கிடைக்கும். போதாதென்று மூடிய அறையில் கரி போட்ட ஷேகடியை வைப்பது மிகவும் ஆபத்து. அதன் நச்சுப்புகை குஞ்சுகளை மட்டுமல்ல, அதே அறையில் தூங்குகிறவர்களையும் கொன்றுவிடும். 60 வாட் குண்டு பல்பு ஒன்றைக் கூடைக்கு மேலே, வைக்கோலில் படாமல் தொங்கவிட்டால் போதும்.

மார்கழிப் பாதியில் அடைவைத்தால் குஞ்சு வெளிவருவது பொங்கலை ஒட்டி, குளிர் இன்னும் விடாத நேரத்தில். மூடிய வராந்தா இல்லாதவர்கள் இப்போது அடையைத் தெளியவைத்துவிட்டு மாசியில் வைப்பது மேல். தெளிந்த கோழி சில வாரங்களில் மறுபடி முட்டையிடத் தொடங்கும். அதில் ஒரு வாரத்துக்குள் இட்ட முட்டைகளாகப் பொறுக்கி ஒதுக்கிக்கொள்ளலாம்.