உப்பு கரையும், சாயம் நிற்கும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவில், விசைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள தறிகளில் ஏறும் வண்ணப் பருத்தி நூல், எந்தப் பட்டறையில் சாயமேறியதாயினும், பெரும்பாலும் உப்பு கரைத்த சாயத் தொட்டியில் ஊறி வந்ததாகவே இருக்கும். ஊறிய நூலை அலசும்போது உப்பு நீரோடு போய்விட, தரமான சாயம் நூலிலேயே நின்றுவிடுவதற்குக் காரணம், அவ்விரண்டையும் ஆளும் வேதிப்பிணைப்புகள் வேறுவேறாக இருப்பதேயாகும்.

சோடியம் அணுவின் வெளிக்கூட்டில் ஓர் எலக்ட்ரானும், குளோரின் அணுவின் வெளிக்கூட்டில் ஏழு எலக்ட்ரான்களும் உள்ளன. சோடியம் தன் எலக்ட்ரானைக் குளோரினுக்கு விட்டுக்கொடுக்கும்போது அது நேர்மின்னூட்டமும், குளோரின் எதிர்மின்னூட்டமும் பெறுகின்றன. மின்னூட்டம் பெற்ற இத்தகைய அணுக்கள் அயனிகள் எனவும், எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பால் அவை இணைந்திருப்பது அயனிப் பிணைப்பு எனவும் வழங்கப்படுகின்றன. உப்புக் கல்லில் சோடியமும் குளோரினும் தனித்தனி இணைகளாக இருப்பதில்லை. ஒவ்வோர் அயனியையும் எதிர் மின்னூட்டமுடைய ஆறு அயனிகள் சூழ்ந்திருப்பதை, 1913இல் பிராக் எனும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களின் துணையால் கண்டறிந்தனர். இந்த ஈர்ப்பு வலியதாகையால் உப்பு 801 டிகிரி செல்சியசில்தான் உருகுகிறது. எனினும் நீர் மூலக்கூறுகள் அயனிகளைத் தனித்தனியே சூழ்ந்து பிரித்துவிடுவதால், அதே உப்பு குளிர்ந்த நீரிலும் எளிதில் கரைகிறது.

பருத்தியின் முதன்மைக் கூறான செல்லுலோசில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் எலக்ட்ரான்களைக் கொடுத்து வாங்காமல், தமக்குள் பகிர்ந்துகொண்டு இணைந்துள்ளன; இது சகப்பிணைப்பு. 1916இல் கோசெல் எனும் அறிவியலாளர் அயனிப் பிணைப்பையும், லூயிஸ் எனும் அறிவியலாளர் எலக்ட்ரான் இணைகளின் பகிர்வையும் விளக்கினர். தறி மோட்டாரின் செம்புக் கம்பியில் உள்ளது மூன்றாம் வகையான உலோகப் பிணைப்பு; அதில் வெளி எலக்ட்ரான்கள் எந்த அணுவுக்கும் உரியனவாக இராமல் உலோகம் முழுவதும் உலவுவதால் மின்சாரம் எளிதில் பாய்கிறது.

சாயத் தொட்டியில் இவற்றுள் முதலிரண்டும் ஒருங்கே செயல்படுகின்றன. நீரில் நனைந்த பருத்தி இழையும் சாய மூலக்கூறும் எதிர்மின்னூட்டமே கொண்டிருப்பதால் ஒன்றையொன்று விலக்குகின்றன. கரைந்த உப்பின் சோடியம் அயனிகள் அவ்விலக்கத்தைத் தணிக்க, சாயம் இழையை அணுகுகிறது. பின்னர்ச் சலவைச் சோடா சேர்க்கப்பட்டதும், 1956இல் விற்பனைக்கு வந்த ரியாக்டிவ் சாயங்கள் செல்லுலோசுடன் சகப்பிணைப்பால் இணைந்துவிடுகின்றன. இவ்வாறு இணையாது எஞ்சிய சாயமே முதல் சில சலவைகளில் வெளியேறுகிறது. இழையுடன் வலுவற்ற ஈர்ப்பால் மட்டும் ஒட்டியிருக்கும் பழைய நேர்ச் சாயங்களோ, துவைக்குந்தோறும் வெளுத்துக்கொண்டே போகின்றன.

உப்பு தன் பணியை முடித்த பின்னும் அழிவதில்லை. கழிவுநீரிலுள்ள சாய மூலக்கூறுகளை நுண்ணுயிரிகளாலும் வேதிப்பொருள்களாலும் சிதைக்க முடியும். சோடியம், குளோரைடு அயனிகளை அவ்வாறு சிதைக்க வழியில்லையாதலால், சவ்வு வழியே வடித்தும் எஞ்சிய நீரை ஆவியாக்கியுமே உப்பைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது. நொய்யல் ஆறு மாசடைந்ததையொட்டி, கழிவுநீரைச் சிறிதும் வெளியேற்றாத நிலையை எட்டாத திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடுமாறு 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதன் பின்னணியில் இவ்வேதியியல் உண்மையும் உள்ளது. ஆகவே கெட்டிச் சாயத் துணியை விரும்பி வாங்குவோர், அச்சாயத்தை ஏற்றக் கரைத்த உப்பு எங்கே போய்ச் சேர்கிறது என்பதையும் கேட்டறிய வேண்டும்.