எட்டடி உடலும் அறுபது கிலோமீட்டர் ஓட்டமும்

கலிஃபோர்னியாவின் வடபகுதியிலிருந்து ஒரிகன், வாஷிங்டன் மாநிலங்கள் வழியாகக் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரை நீளும் ஊசியிலைக் காடுகளில் மயிரடர்ந்த ஒரு பேருருவம் இரண்டு கால்களில் திரிவதாக அங்கே பலர் நம்புகிறார்கள். சாஸ்குவாட்ச் என்பது அதன் பழைய பெயர். 1958-இல் பிளஃப் கிரீக் பகுதியில் சாலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ராட்சதக் காலடித் தடங்களைக் கண்டதாகச் செய்தி வெளியான பின் பிக்ஃபுட் என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. (அந்த வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்த ரே வாலஸ் 2002-இல் இறந்ததும், தடம் பதிக்க அவர் பயன்படுத்திய மரப்பாதங்கள் இவைதான் என்று குடும்பத்தார் எடுத்துக் காட்டினார்கள்.) பிக்ஃபுட் உண்டா இல்லையா என்ற பட்டிமன்றத்துக்கு முடிவே வராது. அதை விட்டுவிட்டு, பார்த்ததாகச் சொல்பவர்களின் வர்ணனையை அப்படியே ஏற்றுக்கொண்டு பார்க்கலாம்: எட்டு, ஒன்பது அடி உயரம், முந்நூறு கிலோ எடை, மணிக்கு 50, 60 கிலோமீட்டர் ஓட்டம், இருட்டில் ஒளிரும் கண்கள், மரத்தை முறிக்கும் பலம், பனிக்காலம் முழுக்க உறங்காத நடமாட்டம். தனித்தனியாக எடுத்தால் இவற்றில் ஏறக்குறைய எதுவுமே இயற்கைக்குப் புதிதல்ல, எல்லாமே ஏதோ ஒரு விலங்கிடம் இருக்கிறது. இவை அனைத்தையும் ஒரே உடலில் பொருத்த முயலும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

உருவத்தின் அளவை முதலிலேயே விட்டுக்கொடுத்துவிடலாம். முந்நூறு கிலோ வாலில்லாக் குரங்கு உலகில் இருந்திருக்கக்கூடியதே. 1935-இல் ஹாங்காங்கின் சீன மருந்துக்கடை ஒன்றில் தொல்லுயிரியலாளர் ரால்ஃப் ஃபான் கோனிக்ஸ்வால்ட் கண்டெடுத்த பெரிய கடைவாய்ப்பல்லிலிருந்து தெரியவந்த ஜைஜான்டோபிதெகஸ், இருநூறு முதல் முந்நூறு கிலோ எடை இருந்திருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. ஆனால் நமக்குக் கிடைத்திருப்பவை நான்கு கீழ்த்தாடைகளும் சுமார் இரண்டாயிரம் பற்களும் மட்டுமே. கால் எலும்பு ஒன்றுகூட இல்லை. அது நிமிர்ந்து நடந்தது என்று மானிடவியலாளர் குரோவர் கிரான்ட்ஸ் வாதிட்டபோது அவருக்கு இருந்த ஆதாரம் தாடையின் வடிவம்தான். 2019-இல் அதன் பல்லிலிருந்து பிரித்தெடுத்த புரதங்கள், அது ஒராங்குட்டானுக்கு நெருங்கிய உறவு என்று காட்டின. ஒராங்குட்டானின் பங்காளி நிமிர்ந்து நடந்தது என்று சொல்ல, தாடையைவிட வலுவான சாட்சி வேண்டும்.

உயரத்தை ஒப்புக்கொண்டதும் ஓட்டம் சிக்கலாகிறது. 1638-இலேயே கலிலியோ எழுதிவைத்த விஷயம் இது: உடலின் நீளம், அகலம், கனம் மூன்றும் ஒரே விகிதத்தில் வளர்ந்தால் எடை அந்த விகிதத்தின் மும்மடியில் ஏறும், எடையைத் தாங்கும் எலும்பு, தசை ஆகியவற்றின் குறுக்குவெட்டுப் பரப்போ இருமடியில்தான் ஏறும். 1.75 மீட்டர் உயரமும் 75 கிலோ எடையும் கொண்ட ஒருவரை 2.5 மீட்டருக்கு அப்படியே பெரிதாக்கினால் எடை சுமார் 220 கிலோ ஆகிவிடும். எலும்பின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரும் நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடுதல் சுமையைத் தாங்கவேண்டும். 2.72 மீட்டர் உயரமும் 199 கிலோ எடையும் இருந்த அமெரிக்கர் ராபர்ட் வாட்லோ காலில் இரும்புக் கட்டு போட்டுக்கொண்டுதான் நடந்தார். அந்தக் கட்டு உரசி உண்டான புண்ணில் தொற்று ஏற்பட்டு, 1940-இல் தம் 22-ஆம் வயதில் இறந்தார். அவருடையது நோய்க்கூறான வளர்ச்சி, பிக்ஃபுட் ஓர் இனமாகவே பரிணமித்திருந்தால் அதன் எலும்பு தடித்தல்லவா இருக்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கொரில்லாவின் உடல் அப்படித்தான் அமைந்திருக்கிறது: குட்டையான, பருத்த கால்கள். ஆனால் அந்தக் கால்களை வைத்துக்கொண்டு உசேன் போல்ட்டை முந்த முடியாது. போல்ட்டின் உச்ச வேகமே மணிக்குச் சுமார் 44 கிலோமீட்டர்தான்.

நெருப்புக்கோழி இரண்டு கால்களில் 70 கிலோமீட்டர் ஓடவில்லையா? ஓடுகிறது. அதன் தசைகளெல்லாம் இடுப்பருகே திரண்டிருக்கின்றன. கீழே இருப்பது நீண்ட தசைநாண்களும் மெலிந்த எலும்பும் இரண்டே விரல்களும். நீட்டி மடக்க எளிதான கால் அது. பிக்ஃபுட்டுக்குச் சொல்லப்படுவதோ கெண்டைக்கால்வரை பருத்த காலும், 40 சென்டிமீட்டர் நீளத் தட்டைப் பாதமும். இங்கே ஆதரவாளர்களே தங்கள் காலை வாரிக்கொள்கிறார்கள். தடங்களை ஆராய்ந்த ஜெஃப் மெல்ட்ரம், பிக்ஃபுட்டின் பாதம் வளைவில்லாமல், நடுவில் மடங்கக்கூடியதாக இருக்கிறது, போலித் தடம் செய்பவருக்கு இது தோன்றாது என்று வாதிட்டார். பாதம் உண்மையிலேயே அப்படியென்றால், மனிதப் பாதத்தின் வளைவு ஓடும்போது தரும் வில்விசை அதற்குக் கிடைக்காது. 1967 அக்டோபர் 20 அன்று பிளஃப் கிரீக்கில் பேட்டர்சன், கிம்லின் என்ற இருவர் எடுத்த படத்தில் தெரியும் பிக்ஃபுட் உருவம் முழங்காலை மடக்கியபடியே நடப்பதையும் பெருமையாகச் சொல்வார்கள். மடங்கிய முழங்கால் நடையில் தொடைத் தசை இடைவிடாமல் எடையைத் தாங்கவேண்டும், சக்தி கூடுதலாகச் செலவாகும். இவ்வளவு கனமான உடல் தேர்ந்தெடுக்கும் நடையல்ல அது. தவிர, காமிரா வினாடிக்கு எத்தனை சட்டங்களில் ஓடியது என்பது படமெடுத்தவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. 24 சட்டங்கள் என்று கொண்டால் அந்த நடைக்கும் சாதாரண மனித நடைக்கும் வித்தியாசமில்லை என்று நடையியல் ஆய்வாளர் டொனால்ட் கிரீவ் காட்டினார். 16 அல்லது 18 என்றால்தான் விசித்திரமாகிறது. ஒரு விலங்கின் உடற்கூறே காமிராப் பொத்தான் நின்ற இடத்தைப் பொறுத்து மாறுகிறது!

பலத்தில் சந்தேகமில்லை, அந்த அளவுக் குரங்குக்கு மனிதனைத் தூக்கி எறிவது பெரிய காரியமல்ல. சிம்பன்சியின் தசை, அதே அளவுள்ள மனிதத் தசையைவிட சுமார் 1.35 மடங்கு ஆற்றலுள்ளது என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சிம்பன்சித் தசையில் விரைந்து சுருங்கும் நார்கள் மூன்றில் இரண்டு பங்கு. அந்த நார்கள் சீக்கிரம் களைத்துப்போகும். மனிதனோ பலத்தைக் கொடுத்துச் சளைக்காத நடையை வாங்கிக்கொண்டவன். மரத்தை முறிப்பதற்கும் மலைத்தொடர்களை மூச்சு வாங்காமல் கடப்பதற்கும் ஒரே தசையை வைத்துக்கொள்ள முடியாது.

கண் விஷயம் இன்னும் கடினம். இரவில் விளக்கடித்தால் மாட்டின் கண்ணும் பூனையின் கண்ணும் பளீரென்று ஒளிர்வதற்குக் காரணம் விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் ஒளி திருப்பும் படலம். நம் திண்டுக்கல், கரூர்ப் பகுதிக் காடுகளில் வாழும் தேவாங்குக்கும் அது உண்டு. தேவாங்குக் கணக்கெடுப்பே அந்தக் கண்ணொளியை வைத்துத்தான் நடக்கிறது. ஆனால் நாமும் வாலில்லாக் குரங்குகளும் சேர்ந்த கிளையின் மூதாதைகள் பகல் வாழ்க்கைக்கு மாறியபோது அந்தப் படலத்தை இழந்துவிட்டன. அதே கிளையைச் சேர்ந்த டார்சியர் என்ற சிறு விலங்கு மறுபடி இரவு வாழ்க்கைக்குத் திரும்பியபோதும் படலம் திரும்பவில்லை. ஒவ்வொரு கண்ணையும் தன் மூளையளவுக்குப் பெருக்கித்தான் ஈடுகட்டிக்கொண்டது. பிக்ஃபுட்டுக்கு மட்டும் பரிணாமம் புதிதாக ஒன்றைக் கொடுத்திருக்கலாமே என்பவர்கள் யாரும் அதைக் கோலிக்குண்டுக் கண்ணோடு வர்ணிப்பதில்லை. கேட்பவரை மயங்கவைக்கும் தாழ்ஒலியை பிக்ஃபுட் எழுப்பும் என்ற பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை: யானைகள் காதுக்கு எட்டாத தாழ்ஒலியில் பேசிக்கொள்கின்றன, பாகர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்கள்.

குளிரையும் ஒப்புக்கொள்ளலாம். ஜப்பானின் மக்காக் குரங்குகள் பனியில் வாழ்கின்றன. பெரிய உடல் வெப்பத்தைக் காப்பதும் எளிது. பசிதான் பிரச்சினை. முந்நூறு கிலோப் பாலூட்டி சும்மா கிடந்தாலே நாளுக்குச் சுமார் 5,000 கலோரி எரிக்கும், திரிந்தால் ஏறக்குறைய இரட்டிப்பு. யுன்னான் மலைகளில் மரப்பாசி தின்று பனிக்காலத்தைக் கடத்தும் குரங்கு இருக்கிறது, ஆனால் அதன் எடை பதினைந்து கிலோவை ஒட்டியது. மான் வேட்டையாடிப் பிழைக்கலாமே என்றால், சைபீரியப் புலி அப்படித்தான் பிழைக்கிறது. அதன் தடத்தையும் எச்சத்தையும் இரையின் மிச்சத்தையும் வைத்து அதை எண்ணிவிடுகிறார்கள். அமெரிக்கக் காட்டில் அப்படியொரு மிச்சம் சேகரமாகவில்லை. 2014-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பிரையன் சைக்ஸ் மரபணுச் சோதனைக்கு உட்படுத்திய ‘பிக்ஃபுட்’, இமயமலை ‘எட்டி’ மயிர்களில் கரடி, குதிரை, மாடு எல்லாம் இருந்தன. புதிய குரங்கு இல்லை.

இந்தக் காடுகளில் வேறொரு விலங்கும் வாழ்கிறது. மயிரடர்ந்தது, நாலுகாலில் மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும், அதன் கண் விளக்கொளியில் ஒளிரும், சத்தமில்லாமல் நடக்கும், நீந்தும், பின்னங்கால்களில் எழுந்து நின்று சில அடி வைக்கும். அதன் பின்பாதத் தடம் மனிதத் தடத்தை ஒத்திருக்கும். முன்தடத்தின்மேல் பின்தடம் விழுந்தால் ராட்சதத் தடமாகத் தெரியும். பனிக்காலப் பசிக்கும் அதனிடம் வழி உண்டு, தூங்கிவிடும். அமெரிக்கக் கருங்கரடிதான் அது. அதன் எண்ணிக்கை கூடும் மாநிலங்களில் பிக்ஃபுட் ‘தரிசனங்களும்’ கூடுகின்றன என்று, மக்கள்தொகையையும் காட்டுப் பரப்பையும் கழித்துப் பார்த்தே ஆய்வாளர் ஃப்ளோ ஃபாக்ஸன் கணக்கிட்டிருக்கிறார்: ஆயிரம் கரடி கூடினால் நான்கு சதவீதம்.