பொருநையின் பெயரைச் சுமக்கும் கெண்டை

மாங்காயை நறுக்கி உப்புப் போட்டுக் குலுக்கி வைத்தால், மறுநாள் ஜாடிக்குள் தண்ணீர் நிற்கும். காயின் ஈரத்தை உப்பு வெளியே இழுத்துவிடுகிறது. நன்னீருக்கென்றே உடல் அமைந்த மீன் கடலுக்குள் போனால் அதற்கும் அதே கதிதான். அதனால் பொருநை எனப்படும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல் அப்படிப்பட்ட மீனுக்கு ஒரு சுவர். மேற்கே பொதிகை மலை இன்னொரு சுவர். நடுவே சுமார் 128 கிலோமீட்டர் ஓடும் ஆறும் அதன் துணையாறுகளும்தான் அதன் உலகம். நமக்கு நீர் சூழ்ந்த நிலம் தீவு. அதற்கோ நிலம் சூழ்ந்த நீர்.

அந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இயற்கையில் வாழாத ஒரு சிறு கெண்டை உண்டு. ஒரு சாண்கூட வளராது. வயது வந்த ஆண்மீனைப் பக்கத்தில் பார்க்கவேண்டும். முதுகுத் துடுப்பின் கதிர்கள், அவற்றைச் சேர்த்துப் பிடித்திருக்கும் சவ்வைத் தாண்டி, நூல் நூலாக நீண்டு வால்பக்கம் அலையும். பிரித்துவிட்ட பட்டு முந்தானைபோல இருக்கும். காவிரியில் இதற்கு நெருங்கிய சொந்தம் ஒன்று இருக்கிறது; 1849-இல் இயற்கையியலாளர் ஜெர்டன் விவரித்த ‘அருளியஸ்’. அதற்கு இந்த நூல்கள் இல்லை. இரண்டு ஆறுகளும் கலக்காததால் இரண்டு மீன்களும் கலக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்த சிறு வேறுபாடுகள் அப்படியே நின்று, இனமே வேறாகிவிட்டது.

மீனியல் அறிஞர் சைலாஸ் 1954-இல் இதை அருளியஸின் உள்ளினமாக விவரித்து, ஆற்றின் பெயரையே வைத்தார். பின்னர் இது தனி இனமானது. 2012-இல் இலங்கையின் ரோஹன் பெத்தியகொடவும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தக் கெண்டைகளுக்குப் புதிய பேரினம் வகுத்து, பரிணாமத்தை மக்களுக்கு விளக்கிய ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள். இன்று முழுப்பெயர் ‘டாக்கின்சியா தாம்ப்ரபர்ணியை’. ஆனால் வண்ணமீன் சந்தையில் இது நெடுங்காலம் அருளியஸ் என்றே விற்கப்பட்டது. நம் ஆற்று மீன் உலகமெங்கும் தொட்டிகளில் சொந்தக்காரன் பெயரில் வாழ்ந்திருக்கிறது என்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்று இது அருகிவரும் இனம். பொருநையின் குறுக்கே மேலே அணைகள், கீழே எட்டு அணைக்கட்டுகள். தீவு துண்டு துண்டாகிவிட்டது. வெள்ளத்தோடு அணைக்கட்டைத் தாண்டிக் கீழே விழும் மீன் அந்தக் கற்சுவரில் திரும்ப ஏற முடியாது. மேல்துண்டு ஒன்றில் இந்தக் கெண்டை அற்றுப்போனால், கீழே இருப்பவை ஏறி வந்து அந்த இடத்தை நிரப்ப வழியில்லை.