வீல் ஸ்டட் ஏன் முறிகிறது?

ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் ஓடும்போது சக்கரத்தின் நடுப்பகுதியைக் கவனித்துப் பாருங்கள். சக்கரம் அச்சின் மேல் சுழல்கிறது. அது வெளியே நழுவாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே கடையாணியின் வேலை. அது சற்றுத் தளர்வாக இருந்தாலும் தேர் ஓடும். காரின் வீலை நட்டோடு சேர்ந்து பிடித்துவைக்கும் திருகாணியான வீல் ஸ்டட்டையும் பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் ஸ்டட்டின் பிடி தளர்ந்தால் கார் ஓடக் கூடாது.

நட்டை முறுக்கும்போது ஸ்டட் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்ட எஃகு மறுபடி சுருங்கப் பார்க்கும். அந்த இழுவைதான் வீலை, அது பொருந்தும் ஹப்போடு சேர்த்து அழுத்துகிறது. 12 மி.மீ. ஸ்டட்டில் நட்டை 110 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கினால் கிட்டத்தட்ட 4.5 டன் அழுத்தம் கிடைக்கும். ஐந்து ஸ்டட் என்றால் 20 டன்னுக்கு மேல். வண்டியின் எடையையும் பிரேக்கின் விசையையும் தாங்குவது இந்த அழுத்தத்தில் பிறக்கும் உராய்வு.

அழுத்தம் குறைந்தால் வீல் மயிரிழை அசையும், ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டட் வளைந்து நிமிரும். 100 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்று. எஃகு சோர்ந்து விரிசல் விட்டு, ஒருநாள் முறிந்துபோகும். முறிந்த முகப்பில் வழவழப்பான வளையக் கோடுகளும் ஓரமாகச் சொரசொரப்பும் தெரிந்தால், விரிசல் முன்பே தொடங்கிவிட்டது என்று பொருள். அதனால் விலை உயர்ந்த ஸ்டட் வாங்கிப் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சரியாக முறுக்காத நல்ல ஸ்டட்டும் முறியும்.

அளவுக்கு மீறி முறுக்குவதும் அதே அளவு ஆபத்து. பஞ்சர் கடையில் ஏர் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று விட்டால், எவ்வளவு முறுக்கினோம் என்று யாருக்கும் தெரியாது. ஸ்டட் ஓர் எல்லையைத் தாண்டி நீண்டுவிட்டால் பழைய நீளத்துக்குத் திரும்பாது, பிடியும் போய்விடும். மரையில் எண்ணெய் தடவுவதும் இதில்தான் கொண்டுபோய் விடும். உராய்வு குறைவதால், அதே முறுக்குக்கு இழுவை ஒன்றரை மடங்குகூட ஆகலாம். கார் கையேடு எண்ணெய் போடச் சொல்லாதவரை மரை சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும்.

அலாய் வீல் மாற்றுபவர்கள் நட்டின் அடிப்பாகத்தைப் பார்க்க வேண்டும். ஹோண்டா கார்களில் அது பந்துபோல் உருண்டிருக்கும். வெளியில் வாங்கும் அலாய் வீல்கள் பெரும்பாலும் கூம்பு வடிவ நட்டுக்கானவை. பொருந்தாத நட் ஒரு வளையத்தில் மட்டும் உட்கார்ந்து, சீக்கிரம் தளரும். ஹப் முகப்பில் துருவோ புதுப் பெயின்ட்டோ இருந்தாலும் இதே கதைதான்.

கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலோ இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்திலோ வேகமாக ஓட்டும் கார்களுக்குச் சோதனை இன்னும் கடுமை. பிரேக் டிஸ்க்கின் வெப்பம் ஹப்புக்கும் ஸ்டட்டுக்கும் ஏறுகிறது. அலாய் வீலின் அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால், சூட்டில் இழுவை கூடும், ஆறியதும் குறையும். அதனால் ஓட்டி முடித்து வீல் ஆறிய பிறகு, முறுக்கின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள், சூடாக இருக்கும்போது வேண்டாம். ஹப்புக்கும் வீலுக்கும் இடையே ஸ்பேசர் போட்டால் நட் முழு மரையும் பிடிக்கும்படி நீளமான ஸ்டட் தேவை.

வீலைக் கழற்றி மாட்டினால், நட்டுகளைக் குறுக்கு வரிசையில், கையேட்டில் உள்ள அளவுக்கு முறுக்குங்கள். 100 கி.மீ.க்குள் மறுபடி ஒருமுறை பாருங்கள். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போய்த் திரும்பினாலே அந்தத் தூரம் ஆகிவிடும். தஞ்சாவூரிலேயே பார்த்துவிடுவது நல்லது. ஒரு ஸ்டட் முறிந்திருந்தால் அந்த வீலின் எல்லா ஸ்டட்டுகளையும் நட்டுகளோடு மாற்றுங்கள். முறிந்ததன் சுமையை மற்றவை ஏற்கெனவே தாங்கியிருக்கும்.