வீட்டு வழங்கியில் நினைவகம் கூட்டுதல்

வீட்டு வழங்கி என்பது அலுவலகங்களும் தரவு மையங்களும் கழித்துவிட்ட வழங்கிக் கணினி ஒன்றையோ பழைய மேசைக் கணினி ஒன்றையோ வீட்டிலேயே இரவு பகலாக இயக்கி, லினக்ஸ், மெய்நிகர் கணினிகள், கோப்புச் சேமிப்பு முதலியவற்றைப் பழகும் அமைப்பாகும். இவ்வகைக் கணினிகளில் முதலில் பற்றாக்குறையாவது பெரும்பாலும் செயலி அன்று, நினைவகமே (ரேம்). ஆறு மெய்நிகர் கணினிகளுக்கு ஆளுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் 24 ஜிபி போய்விடும். அவை சும்மா இருக்கும்போது செயலிக்கு வேலை குறையும், பிடித்த நினைவகம் அவ்வளவு எளிதில் திரும்பாது.

வட சென்னையில் பெரம்பூர் போன்ற பகுதிகளில் இருந்து இதற்கான பொருள் வாங்கச் செல்லும் இடம் ரிச்சி தெரு. பெரம்பூரில் மின்சார ரயில் ஏறினால் வியாசர்பாடி ஜீவா, பேசின் பிரிட்ஜ், அடுத்து சென்ட்ரல். அங்கிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அரசினர் தோட்டம். ரிச்சி தெருவிலும் அதை ஒட்டிய நரசிங்கபுரம் தெருவிலும் புதிய பொருள்களோடு பழைய கணினி உதிரிபாகங்களும் விற்பனையாகின்றன.

வாங்குவதற்கு முன்

உண்மையிலேயே நினைவகம் போதவில்லையா என்பதை முதலில் பார்க்க வேண்டும். லினக்ஸ், சும்மா இருக்கும் நினைவகத்தை வட்டுத் தேக்ககமாகப் பயன்படுத்திக்கொள்ளும். எனவே 'காலி' என்று காட்டும் எண் சிறியதாக இருப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. 'கிடைக்கக்கூடியது' என்ற எண்ணே கணக்கு. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை பயன்படுத்துவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அதன் தேக்ககம், 'பயன்பாட்டில் உள்ளது' என்ற கணக்கிலேயே சேர்ந்து மிரட்டும். அதற்கு ஓர் உச்சவரம்பு வைத்தாலே சிலருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும். முழு மெய்நிகர் கணினிக்குப் பதிலாகக் கொள்கலன்களை இயக்குவதும், நினைவகத்திலேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம் வசதியும் காசில்லாமல் கிடைக்கும் ரேம் போன்றவை. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவக விலை கடுமையாக ஏறியது. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாகவும் அறிவித்தது. அதன் பிறகு இந்தச் சிக்கன வழிகளுக்கு மதிப்புக் கூடியிருக்கிறது.

எந்த ரேம் எதில் பொருந்தும்

காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான். டிடிஆர்3, டிடிஆர்4 இரண்டுக்கும் வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் (240 முனைகள், 288 முனைகள்) மாற்றிச் செருக முடியாது. ஆனால் ஒரே டிடிஆர்3-க்குள் சாதாரண ரேமும், 'ரெஜிஸ்டர்டு' எனப்படும் வழங்கி ரேமும் ஒரே ஸ்லாட்டில் அழகாக உட்காரும். கணினி மட்டும் இயங்காது. ரெஜிஸ்டர்டு ரேமில், நினைவகச் சில்லுகளுக்கும் செயலிக்கும் நடுவே முகவரி, கட்டளை ஆகியவற்றைத் தாங்கி அனுப்பும் சில்லு ஒன்று உண்டு. அது மின்சுமையைக் குறைப்பதால் ஒரு தடத்தில் அதிக அட்டைகளைச் செருகலாம். சாதாரண கோர் ஐ5, ஐ7 கணினிகளுக்கு அது ஆகாது. தரவு மையங்கள் மொத்தமாகக் கழிப்பது இந்த வகை என்பதால், பழைய சந்தையில் அதன் விலை குறைவாக இருப்பதற்கும் காரணம் அதுவே.

2012-இல் வந்த ஜியான் இ5-2600 வரிசை டிடிஆர்3 ரெஜிஸ்டர்டு ரேமையும், 2014-இல் வந்த அதன் மூன்றாம் பதிப்பு டிடிஆர்4-ஐயும் ஏற்கும். ஆனால் இ3 வரிசை அப்படியன்று. எச்பி மைக்ரோசெர்வர் ஜென்8 போன்ற சிறு வழங்கிகளில் இரண்டே ஸ்லாட், உச்சம் 16 ஜிபி, அதுவும் ரெஜிஸ்டர் இல்லாத பிழைதிருத்தும் ரேம் மட்டுமே. 'ஜியான் என்றால் வழங்கி ரேம்' என்று நம்பி வாங்கியவர் இரண்டாம் முறை ரயிலேற வேண்டிவரும்.

ஒட்டியுள்ள சீட்டைப் படிக்கத் தெரிந்தால் விற்பவரின் சொல்லை நம்ப வேண்டியதில்லை. '2ஆர்எக்ஸ்4 பிசி3எல்-12800ஆர்' என்றிருந்தால், இரண்டு ரேங்க், 4 பிட் சில்லுகள், டிடிஆர்3, 1.35 வோல்ட், நொடிக்கு 12,800 எம்பி (அதாவது 1600 வேகம்), கடைசி 'ஆர்' ரெஜிஸ்டர்டு. அந்தக் கடைசி எழுத்து 'இ' என்றால் ரெஜிஸ்டர் இல்லாத பிழைதிருத்தும் வகை; 'யு' என்றால் சாதாரணம்; 'எல்' என்றால் சுமை குறைத்த வகை. இந்த நான்கையும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. சீட்டுக் கிழிந்திருந்தால் சில்லுகளை எண்ணலாம்: பிழைதிருத்தும் அட்டையில் பக்கத்துக்கு எட்டுக்குப் பதில் ஒன்பது இருக்கும். 64 பிட்டுக்குக் காவலாக 8 பிட் சேர்வதால் வரும் ஒன்பதாவது அது.

அந்தக் காவல் வெறும் ஆடம்பரமா என்ற கேள்விக்கு 2009-இல் கூகுள் வழங்கிகளைப் பற்றி வெளியான ஆய்வு ஓரளவு விடை தருகிறது. ஓராண்டில் 8 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ரேம் அட்டைகளில் ஒரு பிழையாவது பதிவாகியிருந்தது. குடும்பப் படங்களைச் சேமிக்கும் கணினிக்கு இது கவனிக்கத்தக்க எண். விளையாட்டாகப் பழகும் கணினிக்கு அவ்வளவு இல்லை.

மின்கட்டணம்

மலிவு ரேமின் மறைவுச் செலவு மின்சாரம். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதற்கு மேல் படிப்படியாக விகிதம் ஏறும். 100 வாட் இழுக்கும் வழங்கி நாளுக்கு 2.4 யூனிட், இரு மாதத்துக்கு ஏறத்தாழ 146 யூனிட். விசிறியும் குளிர்பதனப் பெட்டியும் ஓடும் முன்பே இலவச அளவு தீர்ந்துவிடும். ஒரு ரெஜிஸ்டர்டு அட்டை தோராயமாக 3 முதல் 5 வாட் எடுக்கும். எட்டு 8 ஜிபி அட்டைக்குப் பதில் நான்கு 16 ஜிபி அட்டை போட்டால் மிச்சமாகும் நான்கு அட்டைகளுக்கு இரு மாதத்தில் சுமார் 23 யூனிட் குறையும். ஒரு செயலிக்கு நான்கு தடங்கள் உள்ள இ5-இல் தடத்துக்கு ஒன்றாகச் செருகுவதே வேகத்துக்கு நல்லது. வீட்டுப் பயன்பாட்டில் இரண்டு தடம் நிரப்பினாலும் வித்தியாசம் பெரும்பாலும் தெரியாது.

பொருத்தலும் சோதனையும்

இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் கடற்காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பழைய அட்டைகளின் பொன்முலாம் பூசிய முனைகளில் அழுக்கோ மங்கலோ இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, உலர்ந்தபின் செருக வேண்டும். மின்கம்பியைப் பிடுங்கி, மின்பொத்தானைச் சில நொடி அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். இரு பக்கத் தாழ்ப்பாளும் 'டக்' என்று விழும்வரை அழுத்த வேண்டும்.

பிறகு மெம்டெஸ்ட்86+ மென்பொருளைப் பென்டிரைவிலிருந்து இயக்கி, குறைந்தது ஒரு முழுச் சுற்றாவது ஓடவிட வேண்டும். 64 ஜிபி என்றால் மணிக்கணக்காகும். ஒரு பிழை வந்தாலும் அட்டைகளை ஒவ்வொன்றாகச் செருகிச் சோதித்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, கடைக்காரர் சொன்ன மாற்றுக் கெடு முடிவதற்குள் கொண்டுபோக வேண்டும். பழைய அட்டைகளுக்கு அந்தக் கெடு சில நாளே இருக்கும். பில்லில் எழுதி வாங்குவது நல்லது.