அச்சச் சுவையும் ஆட்ட விதியும்

அச்சம் நான்கு பொருள்களிலிருந்து பிறக்கும் என்பது தொல்காப்பியர் வகுத்த முறை. அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் தலைவர் என்பனவே அந்நான்கு. மேசையைச் சுற்றி அமர்ந்து திகிற் கதையொன்றை ஆடிப் பார்க்க விரும்புவோரும் முதலில் இதனையே வினவிக்கொள்ளல் வேண்டும்: இன்றிரவு அஞ்சப்போவது எதற்கு?

இவ்வாட்டத்தில் ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்வதை வாயாற் சொல்வர். அச்செயல் கைகூடுமா என்ற ஐயம் எழுமிடத்துப் பகடை தீர்ப்பளிக்கும். 1974இல் வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ இவ்வகைக்கு முன்னோடி. அதில் வீரன் வெல்ல வெல்ல வலிமை மிகப் பெறுகிறான். வலிமை மிக்கவனுக்கு அச்சம் ஏது? ஆதலால், திகிற் கதைக்கு வேறு விதி வேண்டியதாயிற்று.

சாண்டி பீட்டர்சன் வகுத்து, கேயோசியம் நிறுவனம் 1981இல் வெளியிட்ட ‘கோல் ஒவ் கத்தூலு’ அத்தகையது. அமெரிக்க எழுத்தாளர் எச். பி. லவ்கிராப்டின் (1890–1937) கதைகளைத் தழுவியது. அதன் வழமையான களம் 1920களின் அமெரிக்கா. கைத்தொலைபேசி இல்லாத காலம், ஒதுங்கிய ஊர்கள், உதவி எளிதில் வந்து சேராது. துணையை அகற்றுவதே களத்தின் முதற்பணி. இன்றைய நகரைக் களமாகக் கொள்வோர் அதற்கு வேறு வழி தேடவேண்டும்.

இவ்வாட்டத்தில் மனத்தெளிவுக்கும் ஓர் எண் உண்டு. கொடுங்காட்சியைக் கண்டவர் நூறு வரை காட்டும் பகடைகளை உருட்டுவார். விழும் எண் தமது தெளிவின் எண்ணை விஞ்சினால் இழப்பு மிகும். 60 ஆக இருந்த தெளிவு 45 ஆகிவிட்டால், அடுத்த முறை தப்புவது இன்னும் அரிது. மறைபொருளைக் கற்கக் கற்க, தெளிவின் உச்ச வரம்பும் தாழும். அறியும் ஆவலே அறிவைக் குலைக்கிறது. பல இரவுகள் தொடரும் துப்பறி கதைக்கு இவ்விதி பொருந்தும்.

கொலைஞனோ விலங்கோ துரத்தும் ஓரிரவுக் கதைக்கு 2005இல் வந்த ‘டிரெட்’ ஏற்றது. அதிற் பகடை இல்லை. அடுக்கிய மரக்கட்டைக் கோபுரத்திலிருந்து கட்டையொன்றை உருவி மேலே வைக்கவேண்டும். கோபுரம் சரிந்தால், உருவியவரின் பாத்திரம் கதையினின்றும் நீங்கும். நேரம் செல்லச் செல்லக் கோபுரம் தள்ளாடும், கையும் நடுங்கும்.

களமும் விதியும் தேர்ந்தபின் ஒரு பணி எஞ்சும். அண்மையில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் அம்மேசையில் இருக்கலாம். குழந்தையின் சாவு அவருக்குக் கதையன்று. ஆகவே, எப்பொருள் கதையில் வரலாகாது என்பதை முன்னரே கேட்டறிதல் நன்று. சிலர் பெருக்கற்குறியிட்ட அட்டையொன்றை மேசை நடுவில் வைப்பர். எவரேனும் அதனைத் தொட்டால் அக்காட்சி விலக்கப்படும், காரணம் வினவப்படமாட்டாது. தாமே விரும்பி ஏற்கும் அச்சம் மட்டுமே சுவையாகும், ஏனையது துன்பம். அவ்வட்டையும் ஆட்ட விதிகளுள் ஒன்றென்றே கொள்ளத்தக்கது.